கை காட்டினால் நிற்காத வண்டி

— "விமானத்துல ஒண்ணேகால் மணி நேரத்துல வந்துடலாமாமே சித்தப்பா, நீங்க ஏன் வரவே மாட்டேங்கிறீங்க?"ன்னு என் அண்ணன் பொண்ணு போன்ல கேட்டாம்மா. அப்ப அவளுக்கு ஆறு வயசு. இப்ப காலேஜ் போறா. இன்னிக்குத்தான் கிளம்பினேன், உங்க விமானம் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு.

— கிளம்ப அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கவுன்ட்டருக்கு வந்தா எப்படி சார்?

— அஞ்சு நிமிஷம் பத்தாதா? இருபது வருஷமா பஸ் ஓட்டுறேன். ஒருத்தன் கை காட்டிக்கிட்டு ஓடி வந்தா பிரேக்கை மிதிச்சுடுவேன். கண்ணாடி வழியா பாத்தேன், அப்ப விமானம் அங்கேயேதான் நின்னுச்சு. நானும் கை காட்டினேன்.

— பார்த்தேன் சார். ரெண்டு கையையும் காட்டினீங்க.

— சிரிக்காதம்மா.

— கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் ஒண்ணு இருக்கு. அதுலயும் இடம் இல்ல. யாராவது வராம இருந்தாத்தான். உட்காருங்க.

— எங்க உட்கார்றது? நாற்காலி முள்ளா குத்துது. சாயங்காலம் அண்ணனுக்கு நெஞ்சுல ஆபரேஷன். டாக்டர் கையை விரிச்சுட்டுத்தான் கத்தியையே எடுக்கிறார். ரோட்டுல போனா எண்ணூறு கிலோமீட்டர். நானே ஓட்டினாலும் நடுராத்திரி ஆயிடும்.

— கடவுள் இருக்கார் சார்.

— இருக்கார். நான்தான் அங்க இல்ல.

— ஏன் சார் இத்தனை வருஷம் போகல?

— ஒரு ஜன்னலுக்குச் சண்டை. அப்பா வீட்டுல அவன் வெச்சான், நான் அடைச்சேன். ரெண்டு பேருக்குமே பொண்டாட்டி சொன்னா கேக்குற புத்தி கிடையாது.

— சரி, போய் உட்காருங்க. கூப்பிடுறேன்.

— ஏம்மா, யாராவது வரலியா?

— பத்தாவது தடவையா கேக்குறீங்க! மத்தியான விமானத்துக்கு எல்லாரும் வந்துட்டாங்க சார்.

— எல்லாருமா? ...சரி, நீ என்ன பண்ணுவ. போனை அவன் காதுல வைக்கச் சொல்றேன். என்ன பேசுறதுன்னுதான் தெரியல.

— கொஞ்சம் இருங்க.

— கம்ப்யூட்டர்ல என்னம்மா தட்டுற?

— ஒரு இடம் ரத்தாயிருக்கு. அடையாள அட்டையைக் குடுங்க.

— எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொன்னியே!

— இப்பதான் ரத்தாச்சு. ஜன்னலோர சீட்டு. இதையும் அடைச்சுடாதீங்க.

— எந்தப் புண்ணியவானோ, அவன் குடும்பம் நல்லா இருக்கணும்.

— இருக்கும் சார். நேராப் போங்க, ஓடுங்க!

— ஹலோ, நான்தாங்க, கவுன்ட்டர்லேருந்து பேசுறேன். என்னைக் கூட்டிட்டுப் போக வீட்டை விட்டுக் கிளம்பிட்டீங்களா?

— இன்னும் இல்ல. பாப்பா இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறா. உனக்கு ட்யூட்டி முடிஞ்சுதா? விமானம் ஏறிட்டியா?

— நான் நாளைக்குத்தாங்க வருவேன்.

— விளையாடுறியா? சாயங்காலம் பள்ளிக்கூடத்துல அவ ஆடப் போறா. அம்மா முன் வரிசையில இருப்பாங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. போன மாசமே டிக்கெட் எடுத்தியே!

— என் சீட்டை விட்டுக்கொடுத்துட்டேன்.

— யாருக்கு? சொந்தக்காரங்களா?

— யாரோ ஒரு பஸ் டிரைவர். அண்ணனைப் பாக்கப் போறார்.

— உனக்கென்ன பைத்தியமா? பாப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?

— அவகிட்ட போனைக் குடுங்க, நானே சொல்றேன். அழுதா கேட்டுக்கிறேன். ஏங்க... எங்கப்பா கண்ணை மூடுறதுக்கு முன்னாடி ஓடி வந்து ஒரு வாய் தண்ணி குடுத்தேனே, அன்னிக்கு எனக்காக விமானத்தை விட்டு இறங்கினது யாருன்னு நாம இன்னிக்கு வரைக்கும் கேட்டோமா?