சமைத்த கைகளை ஆசீர்வதியும்

உங்கள் கோழிச் சால்னா நல்ல ருசி அம்மா. வந்த விஷயத்தைப் பேசுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். தேங்காயைக் கூடக்குறைய இல்லாமல் அரைத்து ஊற்றுகிற கை உங்களுக்கு. நானும் சமைக்கிறவன்தான், அதனால் தெரியும்.

என் பெயர் பாக்கியசீலன். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மும்தாஜ் பேகம் வீட்டுச் சாப்பாட்டால் தன் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று உங்கள் மேல் புகார் கொடுத்தானே பெனோ, அவன் என் மகன். அதைக் கேட்டதும் உங்கள் முகம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொல்லி டீ வைத்தீர்கள். புகாரை வாபஸ் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. ஆட்டோவில் மேலப்பாளையம் வருகிற வழியில் குலவணிகர்புரம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அப்படியே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

என் மனைவி ஹெப்சிபா தவறிய பிறகு சமையல் என் கைக்கு வந்தது. பெனோவும் மருமகள் கெசியாவும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார்கள். சாயங்காலமானால் போதும், கையில் போன், வாசலில் சாப்பாடு கொண்டுவருகிற பைக் சத்தம். நான் வைத்த கூட்டாஞ்சோறு சட்டியில் அப்படியே கிடக்கும். மறுநாள் வாழை மூட்டில் கொட்டுவேன். சம்பாதிக்கிற பணமெல்லாம் இப்படித் தண்ணீராய்ப் போகிறதே என்பதுதான் என் கவலை. வேறொன்றும் இல்லை.

சொல்லிப் பார்த்தேன். பெனோ தலையை ஆட்டுவான், ஆனால் பைக் வருவது நிற்காது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாட்களில் கறி மீனை ஒதுக்குவது எங்கள் வழக்கம். இந்த வருஷம் அதோடு சாப்பாடு வரவழைக்கிற அந்தப் போன் ஆப்பையும் ஒதுக்குங்கள் என்றேன். ஆச்சரியம், கேட்டார்கள். கெசியா போனிலிருந்தே அதை அழித்துவிட்டாள். லெந்து முழுக்க மூன்று பேரும் ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டோம். பெனோ என் புளிக்குழம்பை மறுதரம் கேட்டு வாங்கினான். ஒழிந்தது பழக்கம் என்று ஸ்தோத்திரம் பண்ணினேன். ஈஸ்டர் அன்று சாயங்காலம் வாசலில் பைக் வந்து நின்றது. உங்கள் இடியாப்பமும் சால்னாவும். நானும் ஒரு வாய் தொட்டுப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். மலச்சிக்கலுக்கு என்று எனக்கு ஒரு சொட்டு மருந்து உண்டு. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாலு தரம் பட்டால் அவர்களே விட்டுவிடுவார்கள். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவதில்லையா, அந்த மாதிரி.

எப்படி விடுவது என்பதுதான் யோசனையாக இருந்தது. பார்சலைக் கெசியாதான் பிரித்து மேஜையில் வைப்பாள். ஆனால் எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் சாப்பாட்டில் கை வைக்க மாட்டோம். ஜெபிப்பது நான். சபையில் என் ஜெபத்துக்கு ஒரு பெயர் உண்டு, கொஞ்சம் நீளம் என்று இளவட்டங்கள் கேலி பண்ணுவார்கள். மூவரும் தலை குனிவோம். அவர்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். "இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே, இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும்" என்று சொல்லிக்கொண்டே சால்னாக் கிண்ணத்தில் விடுவேன். ஆமென் சொல்லுமுன் குப்பி சட்டைப் பைக்குள் போய்விடும். என் தட்டில் என் குழம்பை ஊற்றிக்கொள்வேன். சமைத்த கைகள் என்றது உங்கள் கைகளைத்தான் அம்மா. மனதார வந்த ஜெபம் அது.

பெனோ வயிறு கலங்கியதும் சுதாரித்துக்கொண்டு என் சோற்றுக்குத் திரும்பிவிட்டான். மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு நிம்மதி. கெசியாதான் விடவில்லை. வயிறு போய் முகம் வெளிறிக் கிடந்தவள், மறுநாளும் உங்களிடமே வாங்கினாள். பிடிவாதக்காரி என்று நினைத்தேன். சொட்டுகளைக் கூட்டினேன். ஜெபமும் அதற்குத் தக்கபடி நீண்டது.

ஒரு நாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பில் நீரே இல்லை என்று ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கே வைத்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மூன்றாம் மாதம். பிள்ளை தங்கவில்லை. இன்னதால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன்.

கெசியா படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஈஸ்டரன்னைக்குத்தான் மாமா எங்களுக்கே தெரிஞ்சுது. மூணு மாசம் முடியட்டும், பொறவு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தோம். நீங்க தாளிக்கிற வாசம் வந்தாலே எனக்குக் கொமட்டும். அந்தம்மா இடியாப்பம் ஒண்ணுதான் உள்ள நின்னுது. உங்க மனசு நோகுமேன்னு சொல்லல."

வயிறு போனதையும் மசக்கை என்றே நினைத்தாளாம். ஆக, அந்தப் பழக்கம் லெந்திலேயே போய்விட்டது, பிறகு வாங்கியது மசக்கைக்குத்தான். ஒழிந்துபோன ஒன்றை ஒழிக்கத்தான் நான் அத்தனை ஜெபம் பண்ணியிருக்கிறேன்.

பெனோ ஆத்திரத்தில் புகாரைத் தாறுமாறாக எழுதி, திருத்தித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினான். காலமெல்லாம் மனு எழுதிய கை இது. 'சுகாதாரமற்ற முறையில் தயாரித்து' என்பது அவன் எழுதியதல்ல, நான் சேர்த்தது. அதை வாசித்துவிட்டுத்தான் உணவுப் பாதுகாப்பு ஆபீசர்கள் வந்து உங்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை சுத்தமான அடுப்படியை நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பணம் என்று சொன்னேனே, அது பொய். சட்டியில் கிடந்த சோறுதான் என்னை அறுத்தது. என் பேரப்பிள்ளையை நான்தான் கொன்றேன். சொல்லிப் பார்த்தால் சின்ன வாக்கியம்தான். அன்றையிலிருந்து நான் நற்கருணை வாங்கவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். இப்போது கெசியா என் கையால் வைத்த ரசத்தைத்தான் குடிக்கிறாள். வெளிச் சாப்பாடே இனி வேண்டாம் மாமா, நீங்கள் வைப்பதே போதும் என்கிறாள். அதைக் கேட்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது அம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

டீ ஆறிவிட்டது. இருக்கட்டும். நீங்கள் ஒன்றே ஒன்று கேட்கிறீர்கள். "இதை அந்த ஆபீசுல வந்து சொல்லுவியளா அண்ணாச்சி?"

கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே சொன்னால் பெனோவுக்குத் தெரியும். பெனோவுக்குத் தெரிந்தால் கெசியாவுக்குத் தெரியும். இப்போதுதான் அந்தப் பிள்ளை நாலு வாய் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். என் கையால் வைத்ததையும் வேண்டாம் என்றால் அவள் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அவளுக்காகத்தான் சொல்கிறேன், எனக்காக இல்லை. எங்கள் சபைப் போதகரான ஐயரிடம்கூட இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் வெளியே சொன்னாலும், கடை போன ஆத்திரத்தில் பேசுகிறாள் என்பார்கள்.

உங்களை வெறுங்கையோடு விட்டுப் போக எனக்கு மனசில்லை. உங்கள் அடுப்பு திரும்ப எரிய வேண்டும் என்று ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அம்மா.