கத்தரிக்கோலுக்கு வைத்த பொட்டு

கதவுக்குக் கிட்ட இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி இருங்கள். இது எங்கள் வதனியின் பெரியப்பா அழகரத்தினத்துக்கு நடந்தது.

ஒக்டோபர் மாதம். பொழுதுபடுகிற ஆறு மணி. மலையடிவாரத்தில் பஸ் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவர் தோட்டவேலை செய்கிற வில்லாவுக்கு ஏறுகிற தெருவில் ஒரு சனமில்லை... முழங்கால் இரண்டும் கெஞ்சின. வருடம் முழுக்கக் காலையில் ஊரார் வீட்டுப் படிக்கட்டுக் கழுவல், பின்னேரம் இந்தத் தோட்டம். வில்லாவின் எசமானி சிஞ்ஞோரா மிலானோ போய்விட்டாள். மாரிக்குச் சாமான்களைத் துடைத்து அடுக்கிவிட்டால் வசந்தம் வரை பின்னேரங்களில் ஓய்வு. அந்த ஓய்வை நினைத்துத்தான் மனுசன் வருடத்தை ஓட்டியிருந்தார்.

அந்த வேலையும் முதல் நாளே முடிந்திருந்தது. புல்வெட்டும் மெஷினில் பெற்றோலை வடித்து, பிளேட்டில் காய்ந்த புல்லைச் சுரண்டி, மண்வெட்டிக்கு எண்ணெய் பூசி... அன்று சரஸ்வதி பூசை. சாமான் கொட்டிலைச் சும்மா பூட்டிவிட்டு வர மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். மூலையில் செடி வெட்டுகிற ஒரு பழைய கத்தரிக்கோல். அவரோடு வேலை செய்து, கோடையில் அந்தத் தோட்டத்திலேயே விழுந்து செத்த கிழவன் தொன் சாரோவுடையது. பாவம் என்று அதற்கும் ஒரு பொட்டு.

பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை எடுத்து, பேருக்காவது ஒரு வேலை செய்ய வேண்டும். இவருக்கு அன்று படிக்கட்டு வேலை இல்லை; அசதியில் மத்தியானம் வரை நித்திரையாகிப்போனார். அதுதான் பொழுதுபடுகிற நேரத்தில் வந்து இறங்கியிருந்தார்.

கொட்டில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தார். சந்தன வாசம்... நடுவில் தொன் சாரோ குடிக்கிற சுருட்டின் வாசம். கத்தரிக்கோல் வைத்த இடம் வெறுமை. வெளியே செடிவேலிக்குப் பின்னால்... கிளிக். கிளிக். அவசரமில்லாத கை. பாதி வேலி வெட்டி முடிந்திருந்தது.

ஓடலாம். ஓடக் காலில் பலம் வேண்டுமே.

"தொன் சாரோ, வெட்டினது காணும். இனி நான் பாக்கிறன். நீங்கள் போய்ப் படுங்கோ."

சத்தம் நின்றது. ஈர இலைமேல் காலடி... கிட்ட வந்தது... முன்னால் நின்றது. ஆளைக் காணோம். கத்தரிக்கோல் மட்டும் மெல்ல நிலத்தில் வைக்கப்பட்டது. கூரானதைக் கைக்குக் கை கொடுக்கமாட்டோமே நாங்கள், அப்படி. கிழவன் உயிரோடிருந்தபோது இவரைப் பார்த்துப் பழகியது. இவர் குனிந்து எடுத்தார். பிடி சூடாக இருந்தது. துடைத்து உள்ளே வைத்து, ஒரு இலைகூட வெட்டாமல் பூட்டிவிட்டு வந்துவிட்டார்.

அந்த மாரியில் பின்னேரம் ஆனால், நகரத்தில் சீசாப் பகுதியில் இருந்த தன் வீட்டில் படுக்கைதான். ஆனால் நித்திரையில் வலது கை மட்டும் விரியும், மடங்கும்... விரியும், மடங்கும். மனைவி புஸ்பவதி பயந்துபோய், வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், சவர பிளேட் எல்லாவற்றையும் வதனியிடம் கொடுத்துவிட்டாள்.

"ஒருநாளாவது வடிவா நித்திரை கொள்ளுங்கோவன்," என்றாள் ஒரு காலையில்.

"எங்கை கொள்ளுறது... விடிய எழும்பினா கையெல்லாம் உளையுது."

அவள் தலைவாரப் போனாள். பின்னலை முன்னால் இழுத்தாள். அதன் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது.