இப்பவே அனுப்பு

இல்லக்கா, சண்டையெல்லாம் இல்ல. ஆபீஸ்லேர்ந்துதான் கூப்பிடறாங்க. போன் அடிச்சு ஓயட்டும். இந்த பஸ் சத்தத்துல எடுத்துத்தான் என்ன பேச?

என்ன வேலையா? எங்கம்மாவுக்கே இன்னும் புரியல, உங்ககிட்ட சொல்லிப் பாக்கறேன். ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொண்ணுக்குச் சேதி போகுதுல்ல, அதைக் கொண்டுபோற புரோகிராம் எழுதறோம். மத்த கம்பெனிக்காரங்க அதை எடுத்து அவங்க புரோகிராமுக்குள்ள வச்சுக்குவாங்க. ஒவ்வொரு சேதியையும் தனித்தனியா விட்டா லைன் தாங்காது. கொஞ்சம் புடிச்சு வச்சு, மொத்தமாக் கட்டி அனுப்பணும். ஆங், வேன்காரன் ஆள் சேர்ற வரைக்கும் நிக்கறான்ல, அதேதான்! எங்க மேனேஜருக்கு இது புரிய ஒரு வாரம் ஆச்சு.

எவ்ளோ நேரம் நிக்கணும்னு யார் சொல்றது? அதுலதான் இழுபறி. டீம்ல ஒருத்தன், சோடாபுட்டின்னு கூப்பிடுவோம். அதெல்லாம் நாமளே உள்ள பாத்துக்கலாம், அனுப்பறவனுக்கு எதுக்கு அந்தத் தலைவலிங்கறான். டேய், ஒருத்தனுக்கு அவசரம்னா என்ன பண்ணுவான், இதை நிறுத்தி வைக்காத, இப்பவே அனுப்புன்னு சொல்ல ஒரு வழி வேணாமாங்கறேன். குடுத்தா எல்லாருமே எனக்கு அவசரம்பாங்க, அப்புறம் சேர்த்து அனுப்பறதுக்கு அர்த்தம் என்னங்கறான். அதுவும் நியாயந்தானே? ஒருதடவை வெளிய விட்டுட்டா மாத்தவும் முடியாதுக்கா, அத்தனை பேரும் அதை நம்பி எழுதிடுவாங்க.

இன்னிக்கு முடிவு பண்ணியாகணும். எல்லாரும் ரூம்ல உக்காந்திருக்காங்க. நீ சொல்றபடியே வச்சுக்கலாம்னு சோடாபுட்டியே இறங்கி வந்துட்டான். எனக்குத்தான் ஒண்ணும் ஓடல. சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அதுக்குத்தான் இப்படிக் கூப்பிட்டுட்டே இருக்காங்க.

ஆபீஸுக்கா? இல்லக்கா, ஹார்பர்கிட்ட எறங்கணும். கப்பல் கம்பெனில வீட்டாளுங்களை வரச் சொல்லியிருக்காங்க. தம்பி இஞ்சின் ரூம்ல வேலை பாக்கறான். நடுக்கடல்ல லைனுக்கு விலை ஜாஸ்தியாம், சேர்த்து வச்சுத்தான் விடுவாங்களாம். காலைல பல்லு விளக்கிட்டிருக்கேன், அவனோட மெசேஜ் எல்லாம் மொத்தமா வந்து விழுது. சாப்பாட்டுல உப்பே இல்லன்னு ஒண்ணு. புது ஷூ கடிக்குதுன்னு ஒண்ணு. அப்புறம், அக்கா தண்ணி உள்ள வருதுன்னு. அப்புறம், படகுல எறங்கச் சொல்றாங்க, அம்மாகிட்ட சொல்லிடாத. எல்லாத்துக்கும் ஒரே நேரம் காட்டுது. எதை எப்ப அடிச்சான்னே தெரியல. கம்பெனில கேட்டா, வாங்கம்மா, நேர்ல பேசலாங்கறாங்க.

அம்மா வீட்ல டிவி பாத்துட்டிருக்காங்க. நான் ஆபீஸ் போறேன்னுட்டு வந்தேன்.

ஒவ்வொண்ணுக்கும் பதில் போட்டேன். ஷூவுக்குள்ள கொஞ்சம் பஞ்சு வைடான்னு அதுக்குக்கூட. ஒண்ணுகூட இன்னும் போய்ச் சேரலக்கா.