கால் முன்னே பிறந்தவள்

நாற்காலி வேண்டாம் மேடம். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும். இந்த ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து நின்றபடியே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பஞ்சவர்ணம். நூம்பலில் கேன் தண்ணீர் போடுகிற கங்காதரன் என் வீட்டுக்காரர். போன வருஷம் எனக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் நடந்தது. தைத்த இடம் ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரை நரம்பை யாரோ பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது போல் இருக்கும். திரும்பவும் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

"டாக்டரே ஒண்ணியும் இல்லன்ட்டாரு. இவதான் படுத்துகினு சீன் போட்டுகினு கீறா," என்று என் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொன்னார். பாரம் தூக்கக் கூடாது என்று அதே டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. கடைக்கு ஆள் வராத நாளெல்லாம் நான்தான் கேனை மாடிக்கு ஏற்றினேன். அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். வலியைவிட அதுதான் எனக்கு ஆத்திரம். மருந்துகூட வேண்டாம், வலிக்கிறது என்று நம்பினால் போதும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறக்கும்போது எனக்குக் கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாருக்குப் பிடித்துக்கொண்டாலும் என்னிடம்தான் வருவார்கள். ஃபிளாட்டுக்காரர்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டே வந்து குப்புறப் படுப்பார்கள். மிதிப்பது என்று பெயர்தானே தவிர அதில் மிதியே கிடையாது. ஜன்னல் கம்பியைப் பிடித்து, உடம்புப் பாரத்தையெல்லாம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாதம் சும்மா பட்டுவிட்டு வரும், அவ்வளவுதான்.

அவரை மட்டும் நான் மிதித்ததில்லை. புருஷன்மேல் பெண்டாட்டி கால் படக் கூடாது என்பதில் ஆள் ரொம்பக் கறார். தூக்கத்தில் பட்டாலும் எழுப்பிக் கும்பிட வைப்பார்.

போன வெள்ளிக்கிழமை கேனைத் தூக்கும்போது அவருக்குப் பிடித்துக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேணுகா வெந்நீர்ப் பையோடு ஓடி வந்தாள். "அண்ணனுக்கு மூஞ்சே வெளுத்துப்போச்சே, பாவம்," என்றாள். என் முகத்தை ஒரு நாளும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. அவள் போனதும் அவர் தரையில் குப்புறப் படுத்தார்.

"பஞ்சு, உசுரு போவுது. நீயே மிதிச்சி உட்டுடு."

"கால் படலாமாய்யா?"

"அத்தெல்லாம் பாக்காத. ஏறுமே."

"எனக்கு எப்டி இருக்கும்னு இப்பனா தெரிதா?" என்று கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை மேடம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் அவருக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

"உன்னுது மாரி இல்ல பஞ்சு. இது நெஜ வலி," என்றார்.

அவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். கம்பியைப் பிடித்து ஏறினேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியாதா? ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் பிளாஸ்டிக் எலும்பில் தொட்டுக் காட்டியிருக்கிறார், என் முதுகில் தழும்பும் இருக்கிறது. அங்கே இரண்டு குதிகாலையும் வைத்தேன். உடம்பை மேலே தூக்கி எம்பி, கம்பியை விட்டேன். கை வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது பொய். வழுக்கவில்லை.

அவரைக் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. எனக்கு இருப்பது அவருக்கும் இருந்தால் என்னை நம்புவார், ஒருவருக்கொருவர் தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்கலாம் என்றுதான் செய்தேன். எம்பியதில் என் முதுகு என்ன பாடு பட்டது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று டாக்டர் வெளியே வந்து, இடுப்புக்குக் கீழே அவருக்கு இனி உணர்வு வராது என்றார். ஊசியால் குத்தினாலும் தெரியவில்லையாம். ரேணுகா அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இவ்வளவு பாடுபட்டும், கடைசியில் அவர் வலியே இல்லாமல் படுத்திருக்கிறார். கொடுத்துவைத்த மனிதர்.