அரை மணித்தியாலக் காவல்

பகல் இரண்டு மணி. பேய்க்கு இரவுதான் வேண்டும் என்று யார் சொன்னது? போயா, பௌர்ணமி லீவு நாள்... கொச்சிக்கடையில் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு வீதி. லொறி இல்லை, ஆட்டோ இல்லை. என் சிநேகிதி ரூபிகாவின் அண்ணன் பிரியந்தன் மட்டும் நடந்து போகிறார்.

"அந்தாள் சும்மா அளப்பாரே!"

"பொறு மிதுனா, குறுக்கால கதைக்காத."

அங்கே பெரிய குளிர்க் களஞ்சியம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று கிழமைக்கு முன் தீப்பிடித்து ஐந்து பேர் செத்தார்கள். சுவருக்கு அடிக்கிற ஃபோம் பற்றினால் புகையே ஆளைக் கொன்றுவிடும். அதனால் வெல்டிங் முடிந்தபின் ஒருவன் அரை மணித்தியாலம் அங்கேயே நின்று தீப்பொறி கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று நின்றவன் ஹட்டன் ஊர்ப் பெடியன் புஷ்பராஜ். செத்த ஐந்து பேரில் அவனும் ஒருவன். காவலை விட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான் என்று கம்பனி பழியை அவன் தலையில் போட்டது. பொய்! பத்தாவது நிமிடமே டிரம் தூக்க வா என்று அவனைக் கீழே கூப்பிட்டது, சுப்பர்வைசர் பிரியந்தன். வேலைப் புத்தகத்திலும் எழுதியிருந்தார். மறுநாள் விசாரணை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கத்தான் வந்திருக்கிறார்.

எரியாமல் தப்பிய ஒபிஸ் அறையில் புத்தகம் இருந்தது. கிழித்தார். அப்போது... வெல்டிங் மணம். புதிதாக. மேலே தகரத்தில் டிங்... டிங்... பிறகு ஒரு குரல், பணிவாக.

"சேர்... இன்னும் அரை மணித்தியாலம் ஆகல. கீழ வரவா?"

வேலை வாங்கிப் பழகிய வாய். யோசிக்காமலே சொல்லிவிட்டார்: "ஓம், ஓம், வா."

காலடி இறங்கியது... ஒவ்வொரு படியாக. அங்கே படியே இல்லை. எரிந்து விழுந்து மூன்று கிழமை.

"ஐயோ, காணும் அக்கா, நிப்பாட்டுங்கோ!"

விழுந்தடித்து ஓடிவந்து ரூபிகாவிடம் அழுதிருக்கிறார். "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணா. அந்தப் பெடியன்ட மனிசி அனுஷியா வெளியில தலைகாட்ட ஏலாமல் இருக்கிறா" என்று அவள் கெஞ்சினாள். கேட்டாரா? எனக்கு அந்த மனிதரில் அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை.

விசாரணையில் கூசாமல் சொன்னார்: "அவன் தானாத்தான் போனவன்."

எழுதிக்கொண்டிருந்த கிளார்க் நிமிர்ந்தார். "சரி. உங்களோட வந்தவர் சொல்றதையும் எழுதவா?"

பிரியந்தன் தனியாகத்தான் போயிருந்தார்.

கிளார்க், பிரியந்தனுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த கதிரையைப் பார்த்து, "மெதுவாச் சொல்லுங்க தம்பி" என்றார். மூன்று பக்கம் எழுதினார்.