நரிக்குக் கல்யாணம்

பாகூர் போகும் பேருந்தில் என் முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய இருவர் இருந்தார்கள். ஒருவர் கழுத்தில் பள்ளிக்கூடம் கொடுத்த தன்னார்வலர் அட்டை தொங்கியது.

"போன வாரம் நரி கெணத்துல வுழுந்து செத்துப்போச்சி. இந்த வாரம் அதுக்குக் கல்யாணம்பா," என்றார் அவர்.

"இன்னாடா சொல்ற?"

"ஸ்கூல்ல எங்கிட்ட ஒரு பொண்ண வுட்டுருக்காங்கல்ல, அஞ்சாவது. அது புக்கு படிக்கும், நான் கேக்கணும். அதே புக்குதான், அட்டையில டீ கறை இருக்கு. ஆனா வாரத்துக்கு ஒரு கதை வருது."

"அதுக்குப் படிக்கத் தெரியலடா. படத்தப் பாத்து கதை வுடுது. நீ புக்க வாங்கிப் பாக்க வேண்டியதுதான?"

செலியமேட்டில் ஆட்கள் ஏறி, வண்டி கிளம்பியதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தா எனக்கு இன்னா தெரியும்? கையெழுத்துதான் போடுவேன்."

"அடப்பாவி! அப்புறம் ஏன் பேர் குடுத்த?"

"நீ குடுத்த, நானும் குடுத்தேன். ஃபார்ம்ல கையெழுத்து போட்டதும் யாரும் ஒண்ணும் கேக்கல."

"டீச்சராண்ட சொல்லிடு. பொண்ணு ஆறாவது போவப்போவுது."

"எந்த எடத்துல தப்பா படிக்குது, காட்டுங்கன்னா நான் எத காட்டுவேன்?"

அட்டை போட்டிருந்தவர் நண்பர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் புரியலபா. நேத்து கெளம்பும்போது, 'டீச்சராண்ட சொல்லிடாதீங்க சார்'னுச்சி. சரின்னேன். வாசல் வரைக்கும் வந்து, 'நானும் சொல்ல மாட்டேன் சார்'னுச்சி."