ஒன்றரைச் சுற்று

தலைக்கு மேல், வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று எறிபட்டுப் போகிறது. விர்ரென்று சத்தம். அடுத்தது படகின் பக்கவாட்டில் விழுகிறது. டப். ஃபைபர் விரிசல் விடுகிறது. "படுங்கடா!" என்று அண்ணன் கத்துகிறான். அவன் மட்டும் படுக்கவில்லை.

விடிந்து கொஞ்ச நேரம்தான். ஆவணி மாதம். கடலூருக்குத் தெற்கே, கரை ஒரு கோடாகத் தெரியும் தூரம். படகில் மூன்று பேர். அண்ணன் தேசிங்கு முன்னால். பங்காளி ஏழுமலை நடுவில். என்ஜினைப் பிடித்திருப்பவன் நான். எதிரே வடக்கூர்ப் படகுகள் மூன்று. தடை செய்த சுருக்கு வலையை அவர்கள் போட்டார்கள். நாங்கள் புகார் கொடுத்தோம். அதற்குத்தான் இது. இதைப் போர் என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. அன்று அந்தப் படகில் இருந்திருந்தால் சிரிக்க மாட்டார்கள்.

ஒரு படகு நேராக வந்து இடிக்கிறது. மரம் முறிவதுபோல் சத்தம். அண்ணன் தண்ணீரில். நான் என்ஜின் பிடியை முழுதாக முறுக்கி அவர்கள் நடுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். என்ஜின் பழசு. ஆனாலும் முழு வேகத்தில் ஒரு குறையும் இல்லை. வடக்கூர்க்காரர்கள் ஆள் விழுந்ததைப் பார்த்தார்கள். பயந்து வடக்கே திரும்பினார்கள். இப்போது கடலில் நாங்கள் மட்டும். படகைத் திருப்புகிறேன். அண்ணன் ஒரு கையால் நீந்துகிறான். மறு கை தொங்குகிறது.

"முறுக்காதடா, மெதுவா வா!" என்று கத்துகிறான்.

தண்ணீரில் கிடப்பவனிடம் வேகமாகப் போக முடியாது. என்ஜின் விசிறி ஆளை அறுத்துவிடும். குறைக்கிறேன். என்ஜின் தும்முகிறது. ஒரு தும்மல். இன்னொரு தும்மல். நின்றுவிட்டது.

கயிற்றை இழுக்கிறேன். பிடிக்கிறது. குறைத்தால் நிற்கிறது. மறுபடி இழுக்கிறேன். சோக் போட்டேன். புகை கக்கி அடைத்துக்கொண்டது. ஏழுமலை துடுப்பைப் போடுகிறான். நீரோட்டம் எங்களைத் தெற்கே தள்ளுகிறது. அண்ணன் தலை தெரிகிறது. அலை. மறுபடி தெரிகிறது.

தும்மல் எனக்குத் தெரியும். பெட்ரோல் குறைந்து காற்று ஜாஸ்தியானால் அப்படித்தான் தும்மும். கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. ஸ்லோவில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கும். முழு வேகத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை. எங்கள் என்ஜினுக்கு ஒன்றரைச் சுற்று திறந்திருக்க வேண்டும். மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூ அடியோடு மூடிக் கிடந்தது. ஸ்பிரிங் பிடித்திருக்கும் ஸ்க்ரூ. தானாக மூடாது.

முந்தைய நாள் சாயங்காலம் மாமா வந்திருந்தார். என் அக்காள் புருஷன், கலியமூர்த்தி. பிறந்தது வடக்கூர். இந்தக் கரையில் என்ஜினில் கை வைக்கத் தெரிந்த முதல் ஆள். சண்டைக்காலத்தில் வடக்கூர்க்காரன் எங்கள் கரைக்கு வர முடியாது. மாமாவுக்கு மட்டும் தடையில்லை. அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. டீ வாங்கிக் கொடுத்தேன். "ஸ்லோ சரியில்ல மச்சான், நான் பாத்து வெச்சிட்டுப் போறேன்" என்றார். திருப்புளியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

இப்போது என் கையில் வலை அறுக்கும் கத்தி. அதன் நுனியால் திறக்கிறேன். அரை. ஒன்று. கத்தி வழுக்குகிறது. ஒன்றரை. கயிற்றை இழுத்தேன். குறைத்தேன். என்ஜின் நிற்கவில்லை. சீராக ஓடியது. டுக் டுக் டுக். அவ்வளவு அழகாக அது ஓடி நான் கேட்டதில்லை. அண்ணன் இருந்த இடத்துக்கு மெதுவாகப் போனோம். அவன் சொன்ன மாதிரியே, மெதுவாக. அங்கே தண்ணீர்தான் இருந்தது.

கருமாதி முடிந்த பிறகு மாமா வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார். மறைக்கவில்லை. வடக்கூரில் முதல் நாளே பேசி முடித்திருந்தார்கள். எங்கள் வலையை அறுப்பது, தடுக்க வரும் படகை அடிப்பது. அவருக்குத் தெரியும். சொன்னால் சொந்த ஊர் அவரைத் தள்ளிவைக்கும். அதனால் ஸ்க்ரூவை மூடினாராம். சோக்கில் கிளம்பிவிடும். ஆனால் அலை தாண்டியதும் என்ஜினை ஸ்லோவில் விட்டு, தண்ணீர் அள்ளித் தெளித்து, அம்மனைக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவரும் எங்களோடு கும்பிட்டவர். அங்கேயே நின்றுவிடும், துடுப்புப் போட்டுக் கரைக்குத் திரும்பிவிடுவோம் என்று கணக்குப் போட்டார்.

அன்று நாங்கள் கும்பிடவில்லை. "வலைய அறுக்குறானுவ!" என்று கரையெல்லாம் கத்தல். முறுக்கியவன் முறுக்கியபடியே போனேன்.

"ஒங்கள காப்பாத்தத்தான் செஞ்சேன் மச்சான்" என்றார்.

"போவாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன். அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

இடித்தவர்கள் எதிரிகள். இடிப்பார்கள் என்று தெரியும். அவர்கள்மேல் எனக்கு இருப்பது கோபம். இவர்மேல் இருப்பதற்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்த கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஊருக்கும் நல்லவர், எங்களுக்கும் நல்லவர். இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்காமல் இருக்க ஒரு ஸ்க்ரூ போதுமென்று நினைத்தார். என் அண்ணன் உயிர் அதில் இருந்தது.

அக்கா அன்றே அவர் வீட்டை விட்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டிலும் தங்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள். யாரையும் பார்க்க வருவதில்லை.

கேசில் ஓர் உயிர், ஒரு வலை என்று எழுதியிருக்கிறார்கள். அது குறைவு. போனதையெல்லாம் நான் எண்ணுகிறேன். தெற்கே கரை ஒதுங்கிய என் அண்ணன் தேசிங்கு. அறுந்துபோன வலை. அண்ணியின் சிரிப்பு. அக்காளின் குடும்பம். யார் வந்தாலும் ஊர் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்த என் கை. கடைசியாக, என் மாமா கலியமூர்த்தி. அவர் உயிரோடுதான் இருக்கிறார். அவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.